பூவாத்தாளின் பிறவி மண்டலம்

"முட்டைங்களா?" என்று தர்ஷன் கேட்டதுமே எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாளின் முகம் சுண்டிப்போனது.

"கொஞ்சம் நீளவாக்குல இருக்குதுங்க. ஆனா சுத்த முட்டைன்னு சொல்லிப்போட முடியாதுங்க. இந்த ஓரத்துல பாருங்க, லேசா ஒரு வளைவு தெரியறாப்பல இல்லீங்களா?"

அவள் நீட்டிய கைத்திரையை வாங்கி, தர்ஷன் ஜன்னல் வெளிச்சத்தில் அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார். ஒரே பார்வையில் தெரிந்துவிட்டதுதான். ஆனாலும் உடனே உதட்டைப் பிதுக்கினால் வந்தவர்களுக்கு மனசு ஆறாது. மண்டலப் பொருத்தம் பார்க்க இவரை விட்டால் ஆளில்லை என்று பொள்ளாச்சி வட்டாரத்தில் அவருக்கு ஒரு பேர் இருந்தது. இப்படி நிதானமாகப் பார்த்துப் பார்த்துச் சம்பாதித்த பேர் அது.

"வளைவெல்லாம் இல்லீங்கம்மா. அப்பட்டமான நீள்வட்டம். அம்புட்டும் வயசான செவப்பு விண்மீனுக. வாயு இல்லை, தூசு இல்லை. புதுசா ஒண்ணு பொறக்கறதுக்கு அங்க சரக்கே இல்லாதப்ப, சுருள் மண்டலத்துப் பையன் ஊட்டுல எப்படிங்க ஒத்துக்குவாங்க?"

"அவன் எம்பொண்ணு மேல நெம்பப் பிரியமா இருக்கறானுங்க."

"பிரியம் இருக்கட்டுங்க. நாளைக்கு ஒரு கொழந்தை இல்லாமப் போச்சுன்னா, பொருத்தம் பார்த்தவன் எவன்னு என்னையத்தான கேப்பாங்க?"

அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். தர்ஷனுக்கும் ஒரு நிமிஷம் மனசு கேட்கவில்லை. அடுத்த ஆள் உள்ளே வந்ததும் சரியாகிவிட்டது.

இந்தக் கூத்து எப்படி ஆரம்பித்தது என்றால், சத்தியமாக நல்ல எண்ணத்தில்தான். விண்வெளியில் மிதந்த விரிகண் என்ற தொலைநோக்கி வானத்தின் மூலைமுடுக்கெல்லாம் துழாவி, கோடானுகோடி விண்மீன் மண்டலங்களைப் படம்பிடித்து அனுப்பியபடி இருந்தது. எண்ணிப் பார்த்தால் பூமியில் உள்ள மனிதர்களைவிட மண்டலங்கள் அதிகம். ஆளுக்கொன்று கொடுத்தாலும் மிச்சம் கிடக்கும். பிள்ளைகளுக்கு வானத்தின் மேல் ஆசை வரட்டுமே என்று உலக விண்ணவை பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மண்டலத்தைச் சொந்தமாக எழுதிவைத்தது. உலகத்தின் எந்த மூலையில் யார் பிறந்தாலும் பிறந்த வரிசைப்படி, பக்கத்துப் பக்கத்து மண்டலங்களாக ஒரு கொத்திலிருந்து கொடுப்பார்கள்; அது தீர்ந்தால் அடுத்த கொத்து. பிள்ளைக்குக் கிடைக்கிறது, நமக்கு இல்லையா என்று பெரியவர்களும் ஊர் ஊராக வரிசையில் நின்று வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறவி மண்டலம் என்று பேர் வந்தது.

அதோடு நின்றிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஒருநாள் தொலைக்காட்சியில் ஒரு நிபுணர் தோன்றிப் பாடம் நடத்தினார். மண்டலம் என்பது விண்மீன்களும், அவற்றுக்கு நடுவே வாயுவும் தூசும், எல்லாவற்றையும் கட்டிப்பிடித்து வைத்திருக்கிற கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளும் சேர்ந்தது. எடை போட்டால் பெரும்பங்கு கரும்பொருள்தான். சுருள் மண்டலத்தின் கைகளில் குளிர்ந்த வாயு மண்டிக் கிடப்பதால் அங்கே புதிய விண்மீன்கள் பிறந்தபடியே இருக்கின்றன; அதனால்தான் அது நீலமாக மின்னுகிறது. நீள்வட்டத்தில் வாயு தீர்ந்துபோய் வயதான சிவப்பு விண்மீன்கள்தான் நெருக்கியடித்துக் கிடக்கும். வில்லை மண்டலம் பார்வைக்குத் தட்டையாக, சுருளைப் போலத்தான் இருக்கும். கைகளும் இல்லை, வாயுவும் அநேகமாக இல்லை. எந்த வடிவத்திலும் அடங்காத ஒழுங்கற்ற மண்டலத்தில் வாயு ஏராளம், பிறப்பும் ஏராளம். இவ்வளவுதான் அந்த மனிதர் சொன்னார். பாவம், அவர் பாடம்தான் நடத்தினார்.

நம் ஆட்களுக்கு இது போதாதா? அடுத்த முகூர்த்தத்துக்குள் சுருள் உத்தமம் என்று ஆகிவிட்டது. நீள்வட்டத்துக்கு முட்டை என்று பட்டப்பெயர் வைத்து, முட்டையைக் கட்டினால் வம்சம் அற்றுப்போகும் என்றார்கள். வில்லை என்றால் மேலுக்கு மினுக்கு, உள்ளே ஒன்றும் கிடையாது. ஒழுங்கற்ற மண்டலத்துக்காரனைச் சிதறல் என்று சொல்லி, பிள்ளை குட்டி பெறுவான், வீடு தங்கமாட்டான் என்று ஒதுக்கினார்கள். இதையெல்லாம் எடுத்துச்சொல்ல ஒரு ஆள் வேண்டுமே. வானியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த தர்ஷனைப் போன்றவர்கள் மண்டலப் பொருத்தர் ஆனார்கள்.

அவர் இதை நம்பினாரா என்றால், அந்தக் கேள்வியை அவர் தன்னிடமே கேட்டுக்கொண்டதில்லை. மகள் பூவாத்தா மட்டும் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கேட்பாள். "ஏனுங்கப்பா, இன்னைக்கு எத்தனை முட்டைய ஒடச்சுப் போட்டீங்க?"

"போ அம்மிணி, உனக்கு எல்லாமே வெளையாட்டுத்தான்," என்பார் அவர்.

பூவாத்தா, வெள்ளியங்கிரி போன்ற பழைய பெயர்கள் அந்தக் காலத்தில் மறுபடியும் மோஸ்தராகியிருந்தன. தர்ஷன், வர்ஷினி என்று பெயர் இருந்தால் ஆள் பல் போன கிழம் என்று பிள்ளைகள் சிரிக்கும். பூவாத்தாளுக்குத் தென்னை ஏறுகிற இயந்திரங்களைப் பழுது பார்க்கிற வேலை. ஆனைமலைப் பக்கம் ஒரு தோப்பில் இயந்திரம் மரத்து உச்சியில் மாட்டிக்கொண்டு அடம்பிடித்தபோது, அதை இறக்கப் போனவள் தோப்புக்காரன் வெள்ளியங்கிரியைப் பார்த்தாள். அவ்வளவுதான், அதற்கப்புறம் அந்தத் தோப்பில் வாரம் ஒரு இயந்திரம் மாட்டிக்கொண்டது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது தர்ஷன் நேராக உள்ளே போய், இரண்டு பேருடைய மண்டலத்தையும் எடுத்துப் பார்த்தார். இரண்டும் சுருள். நீலம் ததும்பும் கைகள், நடுவில் மஞ்சள் குமிழ், வாயுவுக்குப் பஞ்சமே இல்லை. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பூவாத்தா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"முட்டையா இருந்திருந்தா என்னப்பா பண்ணியிருப்பீங்க?"

"வாயக் கழுவு," என்றார் அவர்.

நிச்சயதார்த்தத்துக்கு ஊரே திரண்டுவிட்டது. தர்ஷன் பொருத்தம் பார்த்துச் சேர்த்துவைத்த ஜோடிகளே பாதி மண்டபம். மாப்பிள்ளையின் அப்பா நித்திலனும் அம்மா ஹரிணியும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் நித்திலனின் அக்கா சஞ்சனா. காது கொஞ்சம் மந்தம், வாய் அப்படி இல்லை. மேடையில் பூவாத்தாளும் வெள்ளியங்கிரியும். அவர்களுக்குப் பின்னால் சுவர்த்திரையில் இருவரின் மண்டலங்களும் ஜோடியாகச் சுழன்றுகொண்டிருந்தன. இரு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் கல்யாணம் நிச்சயமானது என்று பொருள். அதற்கு முன்னால் மண்டலத்தைத் திரையில் காட்டிச் சபையில் ஒப்புதல் கேட்பது புதிதாகச் சேர்ந்த சடங்கு. சேர்த்தது தர்ஷன்தான்.

நித்திலன் உப்புத் தட்டைக் கையில் எடுத்தார். அப்போது மண்டபத்தில் இருந்த அத்தனை கைத்திரைகளும் ஒரே நேரத்தில் கிணுகிணுத்தன.

நிகழ்காணி வேலை செய்யத் தொடங்கிவிட்டது. அப்படி ஒன்று வரப்போகிறது என்று கொஞ்ச காலமாகவே பேச்சு இருந்தது. இன்னொரு தொலைநோக்கி, வந்தால் வரட்டும் என்று தர்ஷன் கண்டுகொள்ளவில்லை. விரிகண் காட்டியதெல்லாம் பழைய படம். ஒளி என்னதான் ஓடி வந்தாலும் அத்தனை தூரத்திலிருந்து பூமிக்கு வந்துசேரக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். தரகர் இருபது வயதுப் படத்தைக் காட்டி அறுபது வயதுக்காரரைத் தலையில் கட்டிய மாதிரிதான். நிகழ்காணி ஒளிக்காகக் காத்திருக்கவில்லை. மண்டலங்களுக்கு நடுவே இழை இழையாக ஓடுகிற கரும்பொருளின் அதிர்வைப் பிடித்து, இந்த நொடியில் அங்கே என்ன இருக்கிறது என்று காட்டியது. அதிர்வு எப்படிக் காலத்தைத் தாண்டி வருகிறது என்று கேட்டால், அதைச் செய்தவர்களே தலையைச் சொறிந்தார்கள்.

படம் பழையது என்பது தர்ஷனுக்குத் தெரியாதா? படித்தவர், தெரியும். தெரிந்ததையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தால் தொழில் எப்படி நடக்கும்?

சுவர்த்திரை ஒரு தரம் இருண்டு மறுபடி ஒளிர்ந்தது. கீழே எழுத்து ஓடியது: உங்கள் பிறவி மண்டலம், இன்றைய நிலையில். வெள்ளியங்கிரியின் சுருள் கொஞ்சம் தடித்து, அப்படியே சுருளாகத்தான் இருந்தது. அதன் பக்கத்தில் பூவாத்தாளின் நீலச் சுருள் இருந்த இடத்தில், மங்கிய சிவப்பில் பெரிதாக, கைகளும் இல்லாமல் காலும் இல்லாமல், ஒரு முட்டை.

தர்ஷனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரை கெட்டுவிட்டதா என்று தன் கைத்திரையைத் தட்டினார். அதிலும் முட்டை. மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே ஒருத்தி "ஐயோ, என்ற மண்டலமும் போச்சே!" என்று அலறினாள். அவளைத் தொடர்ந்து இன்னொரு குரல், அப்புறம் நாலைந்து குரல்கள். ஒரு மனுஷன் மனைவியின் கைத்திரையைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். பாதிப் பேருக்கு முட்டையாகியிருந்தது. ஹரிணி தன் கைத்திரையைச் சேலை மடிப்பில் ஒளிக்கப் பார்த்தாள். சஞ்சனா அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டார்.

"அடியாத்தா! நீயும் முட்டையா?"

நித்திலன் உப்புத் தட்டைக் கீழே வைத்தார். அந்தச் சத்தம் தர்ஷனுக்குக் கேட்டது. மகளைத் திரும்பிப் பார்த்தார். எப்போதும் சிரிக்கிறவள் இப்போது சிரிக்கவில்லை. வெள்ளியங்கிரியின் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்தபடி அப்பாவையே பார்த்தாள். ஏதாவது செய்யுங்கள் என்கிற பார்வை. பெற்றவருக்கு அதைத் தாங்க முடியுமா? அவர் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். என்ன சொல்லப் போகிறார் என்று அவருக்கே தெரியாது.

"எல்லாரும் உக்காருங்க. பயப்படாதீங்க. நான் சொல்றதக் கேளுங்க. முட்டை எப்படி உண்டாகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

சத்தம் கொஞ்சம் அடங்கியது.

"ரெண்டு சுருள் மண்டலம் இருக்குதுன்னு வெச்சுக்குங்க. ஒண்ணை ஒண்ணு ஈர்க்குதுங்க. கோடி கோடி வருசமாச் சுத்திச் சுத்திப் பக்கத்துல வருதுங்க. ரெண்டோட வாயுவும் மோதி, ஒரேயடியா ஆயிரக்கணக்குல விண்மீனுக பொறக்குது. அத்தனை பெரிய மோதல்ல ஒரு விண்மீன் இன்னொண்ணு மேல இடிக்கறதில்லீங்க. அத்தனை எடைவெளி இருக்குது, ஒண்ணுக்கொண்ணு வழி வுட்டுப் போயிருது. கடைசில கையெல்லாம் மடங்கி, ரெண்டும் ஒண்ணா ஆயிருது. அதுதான் முட்டை!" சொல்லச் சொல்ல அவருக்கே தெம்பு வந்துவிட்டது. "வாயு தீந்துபோச்சுன்னு சொன்னனே, எப்படித் தீந்துச்சு? பெத்து வளத்துத் தீந்துச்சுங்க! சுருள்ன்னா இன்னும் கல்யாணம் ஆகாத மண்டலம். முட்டைன்னா கல்யாணம் முடிஞ்சு நெறைஞ்ச மண்டலம். அதைவிட மங்கலம் வேற என்னங்க இருக்குது?"

யாரோ கை தட்டினார்கள். அவ்வளவுதான், மண்டபமே கை தட்டியது. சற்று முன் அலறியவள் கைத்திரையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஹரிணி மடிப்பிலிருந்து தன்னுடையதை வெளியே எடுத்துச் சஞ்சனாவின் மூக்குக்கு நேரே நீட்டி, "பாத்தீங்களா அண்ணி, நான் நெறைஞ்ச மண்டலமாமா," என்றாள். சுருளாகவே இருந்துவிட்ட சிலர் அசடு வழிந்தார்கள். நித்திலன் தட்டை மறுபடியும் கையில் எடுத்தார். தர்ஷன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அப்பாடா, தப்பித்தோம்.

சஞ்சனா அத்தை கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. மந்தக் காதுக்காரர்கள் பேசுகிற அந்த உரத்த குரலில் கேட்டார்.

"அது சரீங்க. மாப்ளையோடது இன்னும் சுருளாத்தான இருக்குது. அப்ப பொண்ணோட மண்டலம் யாரு கூடச் சேந்துச்சு?"

கேட்டது தர்ஷனை. ஆனால் நிகழ்காணி யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லும்படி செய்யப்பட்டது. சுவர்த்திரையில் முட்டை பின்னோக்கிக் கரைந்து, காலம் திரும்பி ஓடிற்று. பூவாத்தாளின் நீலச் சுருள் மறுபடி தோன்றியது. அதன் பக்கத்தில் இன்னொரு சுருள் மெல்ல வந்து அணைத்தது. அப்புறம் ஒரு சிதறல். ஒரு வில்லை. மறுபடி ஒரு சுருள். ஒன்று இரண்டில்லை, ஏழு மண்டலங்கள். ஒவ்வொன்றும் வந்து கலக்கும்போது அதன் சொந்தக்காரரின் பேர் பக்கத்தில் எழுந்தது. சிலியில் மத்தேயோ. கோட்டயத்தில் ஜோமோன். பருத்தித்துறையில் சேந்தன். கென்யாவில் கிமானி. ஜப்பானில் யூமி என்ற ஒரு பெண்கூட இருந்தாள். இன்னும் இரண்டு பேர். ஏழு பேரும் பூவாத்தா பிறந்த அதே வாரத்தில் பிறந்தவர்கள்.

"ஏழு பேரா!" என்று யாரோ கத்தினார்கள்.

"அதுவும் ஒரே வாரத்துல பொறந்தவங்க. அப்ப அது தலையில எழுதிவெச்சதுதான!"

"ஐயோ, இல்லீங்க!" தர்ஷன் ஒலிபெருக்கியில் அலறினார். "வரிசையாப் பொறந்தவங்களுக்கு வரிசையாக் குடுத்தாங்க, அதனால பக்கத்துப் பக்கத்து மண்டலம் வந்துச்சு. வேற ஒண்ணுமே இல்லை!"

கேட்க ஆளில்லை. மண்டபம் முழுக்க அதே கேள்வியைத்தான் கைத்திரைகளிடம் கேட்டுக்கொண்டிருந்தது. முட்டையாக இருந்த அத்தனை மனைவிகளிடமும் கணவன்மார்கள் கேட்டார்கள். முட்டையாக இருந்த கணவன்மார்களிடம் மனைவிகள் கேட்டார்கள். பெரியவர்கள் உள்ளூரில் வரிசையில் நின்று வாங்கியவர்கள் அல்லவா? அவர்களுக்கு வந்த பேரெல்லாம் தெரிந்த பேராக இருந்தது. நித்திலன் தட்டைக் கீழே வைத்துவிட்டு மனைவியின் கைத்திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அரிசி மில்லு ரக்ஷித்து," என்றார் மெதுவாக. "அன்னைக்கு வரிசையில உனக்கு முன்னால நின்னவன் அவந்தானா?"

"நின்னா என்னங்க? என்ன பேச்சுப் பேசறீங்க?" ஹரிணி கைத்திரையைப் பிடுங்கிக்கொண்டாள்.

மேடையில் வெள்ளியங்கிரி அசையாமல் நின்றான். நல்ல பையன். பூவாத்தாளின் கையை அவன் இன்னும் விடவில்லை. ஆனாலும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பூவா, இவங்கள்ல யாரையாச்சும் உனக்கு முன்னாலயே தெரியுமா?" என்று கேட்டுவிட்டான்.

பூவாத்தா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். கன்னத்தில் அறை வாங்கியவள் போல இருந்தது அவள் முகம். அவளாகவே கையை விடுவித்துக்கொண்டு அப்பாவிடம் வந்தாள்.

"அப்பா, எல்லாம் பொய்யினு சொல்லிப்போடுங்க. இப்பவே சொல்லுங்க. உங்களுக்குத் தெரியும்தான? தொழில் போனாப் போவட்டும். நான் சம்பாதிச்சுப் போடறேன். சொல்லுங்கப்பா."

தர்ஷன் சபையைப் பார்த்தார். எத்தனையோ ஆண்டுகளாகக் கட்டிக் காத்த பேர். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேரை அவர்தான் சேர்த்துவைத்தார், மீதிப் பேரை அவர்தான் பிரித்துவைத்தார். ஆனாலும் பெற்ற பெண் கண்ணெதிரே நிற்கும்போது பேராவது மண்ணாங்கட்டியாவது. அவர் ஒலிபெருக்கியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"பொய்யுங்க. நான் சொன்னது அத்தனையும் பொய். இன்னைக்குச் சொன்னதும் பொய், முன்னால சொன்னதும் பொய். மண்டலம்கறது வெறும் விண்மீனும் வாயுவும் தூசும் கரும்பொருளும்தானுங்க. அதுக்கும் நம்ம பிள்ளைகளுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. சுருளுக்குப் புள்ளை பொறக்கும், முட்டைக்குப் பொறக்காதுன்னு எவனும் கண்டுபிடிக்கலை. எல்லாம் கட்டிவுட்ட கதை. பொழப்புக்குச் சொன்னனுங்க. என்னைய மன்னிச்சுப்போட்டு அந்த உப்புத் தட்டை எடுங்க, சம்பந்தி."

பூவாத்தா உப்புத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நித்திலன் எழுந்தார். எதிர்வரிசையில் யாரோ, "பொண்ணைக் காப்பாத்தறதுக்குப் பொய் சொல்றாரு பாரு," என்று முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது. நித்திலன் அதைக் கண்டுகொள்ளவில்லை. மேடைக்குப் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில் பேசினார்.

"ஏனுங்க தர்ஷன், என்ற பெரிய பையனை உங்களுக்கு ஞாபகமிருக்குதுங்களா?"

தர்ஷனுக்கு ஞாபகம் வரவில்லை. எத்தனை பேரை அவர் ஞாபகம் வைத்துக்கொள்வார்?

"அவனும் ஒரு புள்ளையத்தான் ஆசைப்பட்டான். நீங்க பாத்துப்போட்டு முட்டைன்னீங்க. நான் வேண்டாம்னுட்டேன். அந்தப் புள்ளை எங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னு அழுதுச்சு. நான் கதவைச் சாத்திப்போட்டேன். பையன் அன்னைக்கு ஊட்டை வுட்டுப் போனவன், இன்னைக்கு வரைக்கும் எங்கூடப் பேச்சு வார்த்தை இல்லை. அவன் அம்மா அழுது அழுது ஓஞ்சு போனா. எல்லாம் வம்சத்துக்காகன்னு நெனச்சுத்தானுங்க மனசைக் கல்லாக்கிட்டு இருந்தேன். இப்ப வந்து பொய்யினு சொல்றீங்களே, அப்ப நான் எதுக்குங்க அதைச் செஞ்சேன்?"

தர்ஷன் ஒலிபெருக்கியைக் கீழே வைத்தார்.

"பொய்யா இருக்க முடியாதுங்க," என்றார் நித்திலன். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் உறுதியாக இருந்தது. "நெசமாத்தானுங்க இருக்கோணும்." அவர் திரும்பினார். "வெள்ளிங்கிரி, வா போலாம்."

வெள்ளியங்கிரி பூவாத்தாளைப் பார்த்தான், சுவர்த்திரையைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பானோ என்னவோ. அவள் சொல்லவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு படி இறங்கிப் போனான். ஹரிணி கணவரைவிட்டு நாலடி தள்ளியே நடந்தாள். சஞ்சனா அத்தை மட்டும், என்ன நடந்தது, ஏன் எல்லாரும் கிளம்புகிறார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே போனார்.

மற்றவர்களும் கிளம்பினார்கள். ஆனால் பலர் வாசலுக்குப் போகாமல் மேடையை நோக்கி வந்தார்கள். தங்கள் மண்டலத்தோடு கலந்தவர் யார், அவரால் குடும்பத்துக்குக் கெடுதல் வருமா, பரிகாரம் உண்டா என்று தர்ஷனைத்தான் கேட்டார்கள். பொய், பொய் என்று அவர் கத்தக் கத்த, கோபத்தில் இருக்கிறார், நாளைக்கு வந்து பார்க்கலாம் என்று ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். அவர் கூட்டத்தை இரு கையாலும் விலக்கிக்கொண்டு மகளைத் தேடினார்.

பூவாத்தா மேடையின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. என்ன இருந்தாலும் இவள் ஒருத்தியாவது இந்தப் பைத்தியக்காரத்தனத்தை ஒருநாளும் நம்பாதவள். இவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் போதும், மற்றதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

"எந்திரி சாமி. போலாம்."

அவள் நிமிரவில்லை. மடியில் கைத்திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஏழு பேரையும் ஒவ்வொன்றாக விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா," என்றாள் மெதுவாக, "பருத்தித்துறையில இருக்கறவரு என்ன வேலை பண்றாருன்னு இதுல கேட்டாச் சொல்லுங்களா?"

தர்ஷன் அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கப் பார்த்தார். அவள் கொடுக்கவில்லை.